சும்மா நட்சத்திரத்துக்கு ஓர் இரவு

ஜனவரி 11

குள்ளா,

ஆறடி வளர்ந்து, பேராசிரியராகவும் ஆகிவிட்டாய். இருந்தாலும் எனக்கு நீ குள்ளன்தான்.

அம்மா போட்ட சட்டப்படி எழுதுகிறேன். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிடுகிறோமாம். "முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து ஊரார் சண்டையெல்லாம் காதுல வாங்கியாச்சு. பெத்த பிள்ளைங்க சண்டையையும் வயர்லயே கேக்கணுமா? கடுதாசி எழுதுங்க. எழுதி ஒட்டறதுக்குள்ள பாதிக் கோபம் ஆறிடும்" என்கிறாள். வருகிற கடிதத்தை நான் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் சட்டத்தில் ஒரு பிரிவு. ஆகவே வார்த்தையைப் பார்த்துப் போடு.

போன மாதம் நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மாவைப் பாத்துக்க வேலையை விட்டது உன் இஷ்டம், அதுக்கு நான் என்ன பண்ண முடியும்" என்றாய். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இது வேறு விஷயம்.

என் விண்ணப்பம் விழுந்துவிட்டது. மலைத் தொலைநோக்கியில் மூன்று இரவுகள் கேட்டிருந்தேன். உன்னிடம் சொல்லாமல்தான் போட்டேன். தம்பியை வைத்துக் காரியம் சாதித்தாள் என்று நாளைக்கு ஒரு வாய் பேசக் கூடாது, இல்லையா?

கேட்டது கிழவிக்காக. உனக்குத் தெரியாததில்லை, ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "எனக்கும் புரியற மாதிரி எழுதுடி" என்கிறாள். கிழவி என்பது ஒரு நட்சத்திரம். வயதாகி, மேல் போர்வையெல்லாம் கழன்று, உள்ளே இருந்த சூடான கரு மட்டும் வெளியே தெரிகிற நட்சத்திரம். சூரியனைவிடப் பல மடங்கு சூடு. வயதாக ஆகச் சூடு ஏறுகிற ரகம். (அம்மா: "என்னைத்தானே சொல்றே?") இந்த ரகத்தில் சிலவற்றுக்கு மட்டும் காந்தப்புலம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் சண்டை. பிறக்கும்போதே கூட வந்தது, இத்தனை நாள் உள்ளே ஒளிந்திருந்தது என்பது உன் கட்சி. உன் பன்னிரண்டு நட்சத்திரக் கட்டுரையை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். என் கட்சி வேறு. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மோதி ஒன்றாகக் கலந்தபோது, அந்தக் கலக்கலில் பிறந்த காந்தம் அது. கிழவியைப் பார்த்தால் அப்படிக் கலந்து வந்தவள் மாதிரிதான் இருக்கிறது.

பெயரை நீக்கிவிட்டுத்தான் விண்ணப்பங்களை இரவுகளைப் பங்கிடும் குழுவிடம் தருவார்கள். குழுவில் யார் யார் என்பதும் ரகசியம். அந்தப் பெயரில்லாத மகராசன் ஒருவர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? "கேட்கப்பட்ட மூன்று இரவுகளில் ஒன்று, காந்தப்புலம் இல்லை என்று முன்பே தெரிந்த ஒரு நட்சத்திரத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இது ஆடம்பரம்." ஆடம்பரமாம்! சும்மாவைப் போய்!

சும்மா யாரென்று உனக்குச் சொல்ல வேண்டாம், பெயர் வைத்தவர்களே நாம்தான். அம்மாவுக்காகச் சொல்கிறேன். அது காந்தம் துளியும் இல்லாத, எந்த வம்புதும்புக்கும் போகாத நட்சத்திரம். கருவி உண்மை பேசுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல ஆள் கிடையாது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று கருவி சொல்ல வேண்டும். அப்புறம்தான் மற்ற இடத்தில் அது சொல்வதை நம்பலாம்.

ஒரே ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது. ஜூனோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இரவுகள் கிடைத்திருந்தால் நீட்டித்திருப்பேன் என்று இயக்குநர் வாயாலேயே சொன்னார். பன்னிரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவளுக்கு இன்னொரு இடத்தில் யார் நாற்காலி போடுவார்கள்?

சரி, அழவில்லை. எழுதியதும் பாரம் கொஞ்சம் குறைந்தது. அம்மா சட்டத்தில் ஏதோ விஷயம் இருக்கிறது.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

முதலில் போனில் சொன்னதற்கு மன்னிப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ வீட்டில் இருந்ததால்தான் நான் வெளியூரில் இருந்து படிக்க முடிந்தது, அது எனக்குத் தெரியும். அம்மாவும் கேட்கட்டும்.

அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாளா? இங்கே என் அறையில் ஹீட்டர் பழுது. மேல்சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். நாள் முழுக்க யாராவது ஒருவர் பின்னால் பார்க்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே இருக்கிறார்.

உன் விண்ணப்பம் பற்றி என்ன சொல்வது. வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு வகையில் பார்த்தால், மதிப்பீட்டாளர்கள் பாவம். ஒவ்வொருவர் தலையிலும் எழுபது விண்ணப்பங்களைக் கட்டுகிறார்கள். ஒன்றை நின்று படிக்க நேரமிருக்காது. யாருக்கும் சலுகை காட்டிவிடக் கூடாதே என்ற பயம் வேறு. அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது அவருக்கே அது உறுத்திக்கொண்டிருக்கலாம்.

அடுத்த சுற்று ஆகஸ்டில் வரும். மனதை விடாதே. நன்றாகச் சாப்பிடு.

தம்பி


பிப்ரவரி 6

குள்ளா,

"ஒரு வகையில் பார்த்தால்" என்று நீ ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த முறை அம்மாவுக்கும் வந்தது. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவள் கேட்டது: "ஏன் இவன் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்கு இவ்ளோ வக்காலத்து வாங்கறான்?" இவனுக்கு ஊரில் எல்லோரும் நல்லவர்களாக இருக்க வேண்டும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். சமாதானமான மாதிரி தெரியவில்லை. எக்ஸ்சேஞ்சு காது.

ஆகஸ்டு சுற்றுக்கு எனக்கு ஆகஸ்டில் வேலை இருக்க வேண்டும். இருந்தாலும் எழுதி வைக்கப் போகிறேன். அதற்குத்தான் உன் யோசனை வேண்டும். சும்மாவை எடுத்துவிடட்டுமா? இரண்டு இரவு மட்டும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று என் அறையில் உடன் உட்காருகிற கணிப்பொறிக்காரி சொல்கிறாள். "உங்க கொள்கையை ஃப்ரேம் போட்டு மாட்டுங்க மேடம், ஆனா வேலை போனபிறகு எந்தச் சுவத்துல மாட்டுவீங்க" என்கிறாள். பேச்சு கிண்டலாக இருந்தாலும் விஷயம் சரிதானே.

எனக்குக் கை வரவில்லை. நான் வேலையை விடுவதற்கு முன்னால், உன் முதல் கண்டுபிடிப்பு ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, கிடைச்சிடுச்சு, காந்தம் கிடைச்சிடுச்சு" என்று மலைக்குடியிருப்பில் படி படியாகத் தாவி வந்தாய். நான்தான் சும்மாவையும் ஒரு தடவை பார்த்துவிடு என்றேன். பார்த்தால் சும்மாவிலும் அதே காந்தம்! ஏதோ விளக்கின் வெளிச்சம் உள்ளே கசிந்திருந்தது. நீ அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாய். நான் சிரித்தேன், அதற்காக இன்றுவரை எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. ஆனால் உலகத்துக்கு முன் அவமானப்படாமல் படிக்கட்டோடு போனது அல்லவா?

ஆகவே உன்னைக் கேட்கிறேன். சும்மாவின் அருமை என்னைவிட உனக்குத்தான் தெரியும். எடு என்று நீ சொன்னால் எடுத்துவிடுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

எடுக்காதே. எக்காரணம் கொண்டும் எடுக்காதே.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். 

ஒரு விஷயம் தோன்றியது. ஏப்ரலில் எனக்கு மலையில் இரண்டு இரவுகள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்றை நீ எடுத்துக்கொள். வேண்டுமானால் இரண்டையுமே எடுத்துக்கொள். உன் பெயரைச் சேர்த்துக் கடிதம் கொடுத்தால் போதும், விதியில் இடம் இருக்கிறது. உனக்கு நான் செய்தது என்று ஒன்றும் இல்லை. இதையாவது செய்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். உனக்கும் ஒன்று. உனக்கு நீலம் பிடிக்குமா, பச்சையா என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டையும் அனுப்பியிருக்கிறேன்.

தம்பி


மார்ச் 2

டேய் குள்ளா,

சால்வைகள் மூன்றும் வந்தன. அம்மா பச்சையையும் எடுத்துக்கொண்டாள்.

இப்போது நான் கேட்பதற்கு ஒளிக்காமல் பதில் சொல். பேருந்தில் ஜன்னலோர இருக்கையைக்கூட எனக்கு ஒருநாள் விட்டுத்தராதவன் நீ. அப்பா வாங்கி வந்த மிட்டாயை எச்சில் பண்ணி வைத்துவிட்டு எண்ணிக் கொடுப்பாய். அப்படிப்பட்டவன் தொலைநோக்கி இரவைத் தூக்கிக் கொடுக்கிறாய். இரண்டையுமே எடுத்துக்கொள் என்கிறாய். சும்மா இருக்கிறவன் இப்படியெல்லாம் செய்ய மாட்டான்.

உனக்கு உடம்பு சரியில்லையா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? நான் அம்மாவிடம் இதைக் கேட்கவில்லை, ஆனால் அவளே ஆரம்பித்துவிட்டாள். "லைன்ல ஏதோ இரைச்சல் கேக்குது. இவன் எதையோ முழுங்கறான். மருந்து மாத்திரை சாப்பிடறானான்னு கேளு" என்கிறாள். நான் படிக்கும்போது என் முகத்தையே பார்க்கிறாள். எனக்கும் பயமாக இருக்கிறது. போனில் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. நேற்று இரண்டு தடவை அடித்தேன்.

ஏதாவது இருந்தால் மறைக்காதே, கண்ணா. எதுவானாலும் பார்த்துக்கொள்ளலாம். துணைக்கு நான் இருக்கிறேன்.

அக்கா


மார்ச் 10

அக்கா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று உன் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. "கண்ணா" என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் என்னால் சமாளிக்க முடியவில்லை.

அந்த மகராசன் நான்தான்.

போன வருஷம்தான் குழுவில் சேர்ந்தேன். உன் விண்ணப்பம் என் பங்கில் வந்தது. பெயர் இல்லை. மூன்று இரவில் ஓர் இரவு ஒன்றுமில்லாத நட்சத்திரத்துக்கு என்று படித்ததும் தெரிந்துவிட்டது, உலகத்தில் வேறு யார் இப்படிக் கேட்பார்கள்? விதி தெளிவாக இருக்கிறது. எழுதியவர் யாரென்று தெரிந்துவிட்டால் குழுத் தலைவியிடம் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டும். சொந்தக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். பெயரில்லாத தாள், எனக்கு ஆள் தெரிந்துவிட்டது என்று யாருக்கும் தெரிய வழியில்லை. நான் எழவில்லை. நான் போனால் இதன் அருமை தெரியாத யாரிடமாவது போய் மாட்டும், நான் இருந்தாலாவது கவனமாகப் படிப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உட்கார்ந்த பிறகு வேறு பயம் வந்தது. நான் அக்காவுக்குச் சாதகமாக நடக்கிறேனோ என்ற பயம். எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போடத்தான் கை போயிற்று. போகப் போக, இது அவள் என்பதால்தானே என்று தோன்றியது. ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்தால்தான் நான் நேர்மையானவன் என்ற மாதிரி ஆகிவிட்டது. அப்போது அந்த வரியை எழுதினேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்த ஒன்றில்தான் அது விழும் என்று எனக்குத் தெரியாது. இது சத்தியம்.

ஜனவரியில் உன் கடிதம் வந்தபோது என் வரியை உன் கையெழுத்தில் படித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எனக்கு நானே வக்காலத்து வாங்கி உனக்கு எழுதினேன். அம்மா சரியாகப் பிடித்துவிட்டாள்.

என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 21

கடிதம் கிடைத்தது. முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உன் ரகசியத்தைக் காப்பாற்றும் வேலையை என் தலையில் கட்டாதே.

அவள் கடைசி வரிவரை கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "எக்ஸ்சேஞ்சுல எங்களுக்கு ஒரு விதி உண்டு. தெரிஞ்ச குரல் கேட்டா உடனே காதுக்கருவியைக் கழட்டி வச்சிட்டு எழுந்துடணும். உன் அப்பா குரல் ஒருதடவை வந்துச்சு, நான் எழுந்து போயிட்டேன். என்ன பேசினார்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது." அப்புறம் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். பச்சைச் சால்வையை மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டாள்.

நீ எனக்குக் கூடுதலாக மதிப்பெண் போட்டிருந்தாலும் இதே கோபம்தான் வந்திருக்கும். எனக்கு உன் சாதகமும் வேண்டாம், பாதகமும் வேண்டாம். நீ எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். அறைக்குக் கதவு இருந்தது அல்லவா?

இன்னொன்று. நீ சொன்ன கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. சலுகை காட்டப் பயந்தவன் ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பான், சரி. "ஆடம்பரம்" என்று எழுத மாட்டான். அது பயந்தவன் வார்த்தை இல்லை. யார் மேலோ எரிச்சலில் இருப்பவன் வார்த்தை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுத குள்ளனுக்கு சும்மாவின் மேல் என்னடா எரிச்சல்? யோசித்துப் பார்.

ஏப்ரல் இரவில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். உன்னைச் சமாதானப்படுத்த இல்லை. கிழவிக்காக. ரோஷத்தைப் பார்த்து நட்சத்திரத்தை விட்டுவிட எனக்கு வசதியில்லை.


ஏப்ரல் 2

அக்கா,

குழுத் தலைவியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். "சுற்று முடிஞ்சு போச்சு, இரவெல்லாம் பங்கு பிரிச்சாச்சு. இப்ப திருத்த முடியாது. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஏப்ரல் இரவை உன் பெயருக்கு மாற்றுவதை அவரே கையெழுத்திட்டு அனுமதித்தார்.

நீ யோசித்துப் பார் என்றாய். யோசிக்க ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும். போன கடிதத்தில் நான் எழுதியது பொய்யில்லை, ஆனால் பாதி.

என் பன்னிரண்டு நட்சத்திரங்களைப் பார்த்தபோது ஒரு தடவைகூட நான் சும்மாவைப் பார்க்கவில்லை. இரவுகள் குறைவு. ஒவ்வொரு முறையும் சும்மாவை விட்டால் இன்னொரு சூடான நட்சத்திரத்தைப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். முதல் தடவை மனம் குத்தியது. அப்புறம் பழகிவிட்டது. கருவியைச் சரிபார்த்ததாகக் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. விளக்கை வைத்துச் சரிபார்த்தேன், நட்சத்திரத்தை வைத்து இல்லை. எல்லாவற்றிலும் அளந்த காந்தம் ரொம்பச் சின்னதுதான். பன்னிரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதைத்தான் பிறவியிலேயே வந்ததற்கு அத்தாட்சி என்று எழுதினேன்.

உன் விண்ணப்பத்தில் அந்த ஓர் இரவைப் பார்த்தபோது, என்னைப் பார்த்து யாரோ விரலை நீட்டிய மாதிரி இருந்தது. அதனால்தான் ஆடம்பரம் என்று எழுதினேன். உன்னைக் கெடுக்க நினைக்கவில்லை. அந்த விரலை மடக்க நினைத்தேன்.

அம்மா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டாளா?

தம்பி


ஏப்ரல் 20

குள்ளா,

மலையிலிருந்து எழுதுகிறேன். கட்டுப்பாட்டு அறை அதே பழைய அறை. அதே பச்சைத் திரை. அதே ஆபரேட்டர், தலை மட்டும் நரைத்துவிட்டது. "தம்பி வரலையா மேடம்?" என்று கேட்டார். வரவில்லை என்றேன்.

மாலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இருப்பது ஒரே இரவு. கிழவியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஆபரேட்டர் சொன்னார். நியாயமான பேச்சு. ஆனால் கை பழக்கம் விடவில்லை. முதலில் சும்மா என்றேன். அவர் தொலைநோக்கியைத் திருப்பினார்.

அம்மாவும் கேட்கப் போவதால் விளக்கமாகவே எழுதுகிறேன். காந்தம் இருந்தால், நட்சத்திர ஒளியில் வலமாகச் சுழலும் பங்கும் இடமாகச் சுழலும் பங்கும் ஒன்றைவிட்டு ஒன்று மயிரிழை விலகி நிற்கும். அந்த விலகலைத்தான் அளக்கிறோம். சும்மாவில் விலகல் இருக்கவே கூடாது.

இருந்தது.

மறுபடி எடுத்தேன். சும்மா வானத்தில் மேலே ஏறி, தொலைநோக்கியின் சாய்வு மாறிய பிறகு இன்னொரு தடவை எடுத்தேன். சாய்வு மாறினால் விலகலும் மாறுகிறது. கருவிக்குள் கண்ணாடியைத் தாங்கும் சட்டம், தொலைநோக்கி சாயும்போது தன் எடையில் லேசாக வளைகிறது. அந்த வளைவு காந்த வேஷம் போடுகிறது. அளவு என்ன என்று நீயே ஊகித்திருப்பாய். நீ பன்னிரண்டையும் பார்த்த அதே சாய்வில், பன்னிரண்டுக்கும் நீ எழுதிய அளவுதான்.

அதற்குள் மேற்கிலிருந்து மேகம் ஏறிவிட்டது. கிழவியை ஒரே ஒரு தடவை, மேகத்தின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவளிடம் இருப்பது காந்தமா வேஷமா என்று எனக்குத் தெரியாது. மேகம் விடியும்வரை நகரவில்லை.

என் நட்சத்திரத்தைப் பார்க்கத்தான்டா வந்தேன். உன் வீட்டை இடிக்கக் கடப்பாரை கொண்டு வரவில்லை. மார்ச்சில் உனக்கு எழுதியபோது எனக்குள் ஒரு மூலையில், இவன் ஒருநாள் நன்றாக மாட்ட வேண்டும் என்று இருந்தது, மறைக்கவில்லை. இப்போது அதற்கான அத்தாட்சி கையில் இருக்கிறது, கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். ஆபரேட்டர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்தக் கருவியில போன அஞ்சு வருஷமா எடுத்ததெல்லாம்...?" என்று கேட்டு நிறுத்தினார். 

இயக்குநரிடம் இன்னும் சொல்லவில்லை. கருவி எல்லோருக்கும் பொது, வெகு நாள் மூடி வைக்க முடியாது, மூடவும் மாட்டேன். ஆனால் என் வாயால் கேட்பதற்கு முன்னால் உன் வாயால் கேட்கட்டும். அளவுகள் எல்லாவற்றையும் இதோடு வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வரை பொறுக்கிறேன்.

இந்தத் தடவை உனக்குப் படிக்கட்டு இல்லை, குள்ளா. பக்கத்தில் உட்கார நானும் இல்லை. சிரிக்கவில்லை, அதையாவது நம்பு.

அக்கா


மே 4

அக்கா,

உங்கள் இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கும் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது, கண்டுபிடித்தது நீ என்று பெயரோடு எழுதினேன். பன்னிரண்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உன் அளவுகளைக் கழித்துப் பார்த்தால் எல்லாம் பூஜ்யம். பன்னிரண்டு சும்மாக்கள்.

என் மாணவி அந்தப் பன்னிரண்டை வைத்துத்தான் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீங்க சரிபாத்தீங்கன்னு நெனச்சேன் சார்" என்றாள், அவ்வளவுதான். என் சொந்த அவமானத்தைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. அவள் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் உதவித்தொகைக்கு அலைந்துகொண்டிருக்கிறேன்.

ஏப்ரலின் இன்னொரு இரவில் மலைக்கு வர வேண்டியவன், வரவில்லை. உன்னைப் பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம். அடுத்த மாதம் வரலாமா? அம்மாவிடம் கேட்டுச் சொல்.

தம்பி


நவம்பர் 16

குள்ளா,

இந்தக் கடிதத்தை ஒரு நீண்ட தாழ்வாரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதுகிறேன். முடிவுகள் வெளியான பிறகுதான் தபாலில் போடுவேன். ஆகவே நீ இதைப் படிக்கும்போது, எனக்கு இப்போது தெரியாதது உனக்குத் தெரிந்திருக்கும்.

ஜூனில் நீ வந்து போனபோது, உன் வேலை போகாது, கிழவிக்கும் இரவு கிடைக்கும் என்று சொன்னது பாதி நிஜமாகிவிட்டது. கருவியின் கோளாறைக் கண்டுபிடித்தவளே அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மலையில் என்னை வைத்துக்கொண்டார்கள். கிழவிக்கு இன்னும் இரவு கிடைக்கவில்லை, கருவிக்குள் புதுச் சட்டம் மாட்டிய பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. குழுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கருவி தெரிந்த ஆள் வேண்டும் என்று தலைவி என்னை அதில் உட்கார்த்தினார். உன் நாற்காலி. ஒரு கால் ஆடுகிறது, நீ ஏன் சொல்லவில்லை?

இன்று காலை ஒரு விண்ணப்பம் வந்தது. பெயர் இல்லை. பழைய பன்னிரண்டு சூடான நட்சத்திரங்களை முதலிலிருந்து மறுபடி அளக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. கேட்ட இரவுகளில் சரிபாதி, காந்தமே இல்லாத ஒரு நட்சத்திரத்துக்கு. இரண்டாவது பக்கத்தில் "ஒரு வகையில் பார்த்தால்" என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தது.

நான் கையைத் தூக்கினேன். "இவரை எனக்குத் தெரியும். என் தம்பி" என்றேன். தலைவி கண்ணாடியைக் கழற்றினார். கதவைக் காட்டினார். நல்ல கனமான கதவு, தோளைக் கொடுத்துத்தான் தள்ள வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் முன்னால் உள்ளேயிருந்து ஒருவர் தண்ணீர் பிடிக்க வந்தார். சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் சொல்லிவிட்டார். "ஒருத்தர் விடாப்பிடியா நிக்கறார் மேடம். பாதி நேரம் வெறும் நட்சத்திரத்துக்கா, இதெல்லாம் ஆடம்பரம்னு. நீங்க உள்ள இருந்தா ஒரே வார்த்தையில வாயை அடைச்சிருப்பீங்க."

"அதனாலதான் வெளிய இருக்கேன்" என்றேன். அவர் பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரே வார்த்தை என் வாயில் இருக்கிறது. சும்மாவுக்காக அந்த அறையில் பேச என்னைவிட்டால் யாரும் இல்லை. இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் கதவுவரை போய், கையை வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நீ அன்றைக்கு ஏன் எழவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை. தெரிகிறது என்றுதான் எழுதுகிறேன்.

உனக்கு இரவு கிடைத்திருந்தால், அதில் என் பங்கு எதுவும் இல்லை. கிடைக்காமல் போயிருந்தால், நான் இங்கே சும்மா உட்கார்ந்திருந்ததால்தான் போயிற்று. அதைத் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடம் இன்று ராத்திரி இதைப் படித்துக் காட்டும்போது, அன்றைக்கு அப்பா குரலைக் கேட்டதும் எழுந்து போய் எங்கே உட்கார்ந்தாய், அவ்வளவு நேரமும் என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும்.

கதவு திறக்கிறது. அடுத்த விண்ணப்பத்துக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அக்கா